பெட்டியை விடுங்கள், முதலில் பீரைப் பாருங்கள்

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் எங்கே கூடிப் பேசினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "தூரத்தில் இருக்கிற நண்பருக்கு நாலு பாட்டில் அனுப்பணும், எப்படி பேக் பண்றது?" உடனே பபிள் ராப் எத்தனை சுற்று, அட்டை எத்தனை அடுக்கு, உள்ளே தெர்மோகோலா கசக்கிய பேப்பரா என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். யோசனைகள் எல்லாம் சரிதான். ஆனால் அனுப்பப் போவது என்ன பீர், அது முழுசாக நொதித்து முடிந்ததா, ஒரு வாரம் சூடான குடோனில் கிடந்தால் என்ன ஆகும் என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. தபாலில் போன பீர் வெடித்தது, கெட்டது, சப்பென்று இருந்தது என்று வருகிற புலம்பல்களைக் கேட்டால், நிறைய நேரம் கோளாறு பெட்டியில் இல்லை, மூடி போடுவதற்கு முன்பே பாட்டிலுக்குள் உட்கார்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டு பீர் பெரும்பாலும் வடிகட்டாதது, பாஸ்டரைஸ் பண்ணாதது. ஈஸ்ட் உள்ளே உயிரோடு இருக்கும். பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்க்கிறோம், ஈஸ்ட் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, நுரை வருகிறது. சாதாரண ஏல் வகை பீருக்கு சுமார் 2.5 வால்யூம் போதும், அதாவது ஒரு லிட்டர் பீரில் இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும். இந்தக் கணக்கு ஒழுங்காக வர வேண்டுமானால் ஈஸ்ட் தின்ன அந்தச் சர்க்கரையைத் தவிர வேறெதுவும் பீரில் மிச்சம் இருக்கக் கூடாது. அவசரப்பட்டு முன்னாடியே அடைத்துவிட்டால், பீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 0.001 இறங்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய அரை வால்யூம் வாயு கூடும். நாலு புள்ளி மிச்சம் இருந்ததென்றால் 2.5 என்று நினைத்தது 4.5-ல் போய் நிற்கும். சாதாரண பாட்டில் இதற்காகச் செய்ததில்லை. வாயு அதிகம் வைக்கிற பெல்ஜிய பீர்களில் பலவற்றைக் கனத்த கண்ணாடியில் அடைப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

இதில் வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் 20 டிகிரியில் அமைதியாக இருந்த பாட்டில், வெயிலில் நிற்கும் டெலிவரி வண்டிக்குள் 40 டிகிரியைத் தொட்டால், புதுசாக எதுவும் நொதிக்காமலேயே உள்ளே அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும், ஏனென்றால் சூடு ஏற ஏற வாயு திரவத்தில் கரைந்து நிற்காது. அப்புறம், தூங்கிக் கொண்டிருந்த ஈஸ்ட்டுக்கும் அந்தச் சூடு எழுப்பிவிட்ட மாதிரிதான். "என் வீட்டில் ரெண்டு மாசம் இருந்துச்சு, ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் அந்த பாட்டில் எந்தச் சூட்டில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற பூவான ஹாப்ஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நொதித்தல் முடிந்த பிறகு வாசனைக்காக ஹாப்ஸ் போடுகிறோம் இல்லையா, அந்த ஹாப்ஸில் இருக்கும் நொதிப்பொருட்கள் (என்சைம்கள்), ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் விட்ட பெரிய சர்க்கரைகளைச் சின்னதாக உடைத்துக் கொடுத்துவிடும். முடிந்துவிட்டது என்று நினைத்த நொதித்தல் மெதுவாக மறுபடி தொடங்கும். பிரவுன், மாரிஸ் என்ற இரண்டு பேர் 1893-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள், ஆனால் கைநிறைய ஹாப்ஸ் அள்ளிப் போடும் ஐபிஏ வகை பீர்கள் வந்த பிறகுதான் பலரும் இதைத் திரும்பிப் பார்த்தார்கள். இது போதாதென்று டயஸ்டாடிகஸ் வகை ஈஸ்ட் இருக்கிறது. அதற்கு மற்ற ஈஸ்ட்டின் உதவியும் வேண்டாம், ஹாப்ஸின் உதவியும் வேண்டாம், அந்தப் பெரிய சர்க்கரைகளைத் தானே உடைத்துத் தின்னும், வாரக்கணக்கில் சத்தமில்லாமல். சேசோன் என்ற பெல்ஜிய வகை பீரைக் காய்ச்சுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், தெரியாவிட்டால் சீக்கிரம் தெரிந்துகொள்வார்கள்.

அதனால் என் கட்சி இது. அனுப்பப் போகும் பீரின் ஹைட்ரோமீட்டர் அளவு பல நாள் இடைவெளி விட்டுப் பார்த்தும் இறங்காமல் நிற்க வேண்டும். அடைத்த பிறகு ஒரு பாட்டிலை வெதுவெதுப்பான இடத்தில் கொஞ்ச நாள் வைத்துவிட்டு, துணி சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துத் திறந்து பாருங்கள். நுரை பொங்கி வழிந்தால் அதோடு சேர்த்துக் காய்ச்சிய தொகுதி முழுதும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், அதுவும் ஃபிரிட்ஜில். நண்பர் வேறு தொகுதிக்குக் காத்திருப்பார்.

அடுத்தது எந்த பீரை அனுப்புவது. இங்கேதான் ஆசைக்கும் அறிவுக்கும் ஒத்துவரவே மாட்டேன் என்கிறது. எல்லாரும் கேட்பது ஹேஸி ஐபிஏ, அதாவது கலங்கலாக இருக்கும் ஐபிஏ. அதைவிடப் பயணத்துக்கு ஒத்துவராத பீர் ஒன்றைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். ஆக்சிஜன் கொஞ்சம் பட்டால் போதும், மஞ்சளாக இருந்தது பழுப்பாகி, மாம்பழ வாசனை போய் ஈர அட்டை வாசனை வந்துவிடும். பீர் தொழிலில் 3-30-300 என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீரை ஏறத்தாழ ஒரே அளவுக்குப் பழசாக்கும். கோடையில் சாதாரண பார்சலில் போகிற ஐபிஏவுக்கு என்ன கதி என்று இதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மாறாக இம்பீரியல் ஸ்டவுட், பார்லிவைன், பெல்ஜிய குவாட் மாதிரி ஆல்கஹால் கூடின, மால்ட் (முளைகட்டிய தானியம்) கனத்த பீர்கள் கொஞ்சம் பழசானாலும் உலர்திராட்சை, ஷெர்ரி ஒயின் சுவைப் பக்கம்தான் போகும், சில நேரம் மேலும் நன்றாகவே ஆகும். இவற்றை யாரும் அவசரப்பட்டுக் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை. ஐபிஏதான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால், குளிர்காலத்தில், வேகமான சேவையில், அடைத்த வாரத்திலேயே அனுப்புங்கள், இல்லாவிட்டால் செய்முறையை அனுப்பிவிடுங்கள், அவரே காய்ச்சிக் குடிக்கட்டும். குளிர்காலம் என்றாலும் ஒரு எச்சரிக்கை: 5 சதவீத பீர் சுமார் மைனஸ் 2, மைனஸ் 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், உறைந்தால் விரிந்து பாட்டிலை உடைக்கும்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. பச்சை பாட்டிலும் நிறமில்லாத பாட்டிலும் பார்க்க அழகு, அவ்வளவுதான். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டால் ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் வரும், வெயிலில் சில நிமிடம் போதும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுக்கும். கேன் கிடைத்தால் இன்னும் நல்லது, உடையாது, வெளிச்சம் புகாது, எடையும் குறைவு. ஆனால் பாரில் குழாயிலிருந்து நேராகப் பிடித்து மூடித் தரும் பெரிய பாட்டிலோ கேனோ தபாலுக்கு ஆகாது, பிடிக்கும்போதே காற்று புகுந்திருக்கும், சில நாளுக்குள் குடிக்க வேண்டிய சமாச்சாரம் அது.

பேக்கிங்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏற்கனவே ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனியாக இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பையில் போடுங்கள், ஒன்று கசிந்தால் மற்றதெல்லாம் நனையாது. பாட்டிலும் பாட்டிலும் தொடக் கூடாது, பாட்டிலும் பெட்டிச் சுவரும் தொடக் கூடாது. ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. வாரத் தொடக்கத்தில் அனுப்பினால் சனி ஞாயிறு குடோனில் கிடக்காது.

இப்போது யாரும் விரும்பாத பகுதி: சட்டம். அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம், இந்தப் பழக்கம் பெரிதாக வளர்ந்த இடம் அது. அங்கே 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூட்டாட்சிச் சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதை வரியில்லாமல் அனுமதித்தது, ஒரே ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பெரியவர்களோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டுக்கு 200 காலன், விற்கக் கூடாது. மாநிலங்களில் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. காய்ச்சிய பீரைப் போட்டிக்கோ சுவைத்துப் பார்க்கும் கூட்டத்துக்கோ கையில் எடுத்துப் போகலாம், ஆனால் அரசுத் தபாலில் போட்டால் குற்றம். பெரிய தனியார் கூரியர்கள் உரிமம் உள்ள நிறுவனங்கள் அனுப்பும் மதுவை மட்டும்தான் ஏற்றுக்கொள்கின்றன, தனி ஆள் அனுப்புவதை ஏற்பதில்லை. பிரிட்டனில் ராயல் மெயில் உள்நாட்டுக்குள் பீரை ஏற்றுக்கொள்கிறது, ஒழுங்காகப் பேக் பண்ணியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே பெட்டி, ஒரே பீர், ஒரு நாட்டில் சரி, இன்னொரு நாட்டில் குற்றம். அபத்தம்தான், மறுக்கவில்லை. வீட்டில் காய்ச்ச அனுமதித்த ஒரு நாடு, காய்ச்சியதை நண்பருக்கு அனுப்ப ஒரு நேர்மையான வழியையும் திறந்துவிட வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

அதற்காகப் பெட்டியின் மேல் "ஈஸ்ட் சாம்பிள்" என்று எழுதி அனுப்பும் தந்திரத்தை என்னால் சிரித்துக்கொண்டே கடந்து போக முடியவில்லை. "உள்ளே ஈஸ்ட் இருக்குதானே, பொய் இல்லையே" என்பார்கள். சரி, அந்தப் பெட்டியைத் தூக்குகிறவருக்கு உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கண்ணாடி பாட்டில்கள் இருப்பது தெரியுமா? உடைந்தால் கையைக் கிழித்துக்கொள்பவர் அவர், நனைந்து போவது வேறு யாரோ ஒருவரின் பார்சல். பீர் என்று எழுத முடியாத இடத்தில் பீர் அனுப்பக் கூடாது என்பதுதான் என் நிலை, இதற்காக என்னைச் சங்கத்திலிருந்து நீக்கினாலும் பரவாயில்லை. நேரில் போகும்போது எடுத்துப் போங்கள், அந்தப் பக்கம் போகிற நண்பரிடம் கொடுத்துவிடுங்கள், போட்டிக்கு என்றால் அவர்கள் சொல்லும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பெட்டியைப் பெறுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வந்த உடனே திறந்து ஊற்றாதீர்கள், குலுங்கி வந்த பாட்டிலை இரண்டு மூன்று நாள் நிமிர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஈஸ்ட் அடியில் படியும், பொங்காது. குடித்த பிறகு "சூப்பர்" என்று மட்டும் அனுப்பினால் அதை வைத்துக்கொண்டு காய்ச்சியவர் என்ன செய்வார்? பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் 50 புள்ளித் தாளில் வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. அவ்வளவு கறாராக வேண்டாம், ஆனால் அந்த வரிசையில் ஐந்து வரி எழுதுங்கள், அட்டை வாசனை வந்தால் வந்தது என்றே எழுதுங்கள். அனுப்புகிறவர் காய்ச்சிய தேதியையும் அடைத்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்தால், கோளாறு காய்ச்சியதிலா பயணத்திலா என்று இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம்.