குடல் டிபிக்கு மாத்திரை போடுறீங்களா, ரெண்டாவது மாசம் இதைக் கேளுங்க

தம்பிக்கு 22 வயசுல ஆரம்பிச்சது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வலது அடிவயிறு முறுக்கும், உடனே வெளிக்குப் போகணும். விடியுறதுக்கு முன்னாடியே காசிமேட்டு மீன் ஏலத்துக்கு ஓடுற பையன். "நேரத்துக்குத் திங்காத வயிறு, அல்சர்தான்"னு அம்மா முடிவு கட்டிட்டாங்க. கேஸ் மாத்திரை, இளநீர், மோர். ஆசனவாய்ப் பக்கத்துல சீழ் வச்சப்போ மூலம்னு நினைச்சு, வெட்கத்துல யார்கிட்டயும் சொல்லலை. அது பவுத்திரம். அறுத்தாங்க, திரும்ப வந்துச்சு. அந்தப் புண்ணையும் வயித்துவலியையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோணலை. அதுக்குள்ள எடை 11 கிலோ இறங்கிடுச்சு.

கொலனோஸ்கோபியில, அதாவது ஆசனவாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பார்த்ததுல, சிறுகுடல் முடியுற இடத்துல புண், சுருக்கம். குடல் டிபின்னாங்க. அதுக்காக அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். க்ரோன்ஸ்னு ஒரு நோய் இருக்கு, உடம்போட எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்குற நாள்பட்ட நோய். குடல் டிபி, க்ரோன்ஸ் ரெண்டுமே பெரும்பாலும் வர்றது அதே இடத்துலதான். சதை எடுத்துச் சோதிச்சாலும் பல பேருக்கு டிபி கிருமி அகப்படாது. டிபி இருக்கிறவருக்கு க்ரோன்ஸ்னு நினைச்சு, எதிர்ப்புச் சக்தியை அடக்குற ஸ்டீராய்டு கொடுத்தா டிபி பரவி உயிருக்கே ஆபத்து. டிபி இவ்வளவு இருக்கிற நம்ம ஊர்ல முதல்ல அதுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கிறது நியாயம்தான்.

எனக்கு ஆத்திரமெல்லாம் அதுக்கப்புறம் நடந்ததுலதான். ரெண்டு மூணு மாசத்துல திரும்ப ஸ்கோப் விட்டு, புண் ஆறுதா இல்லையான்னு பார்க்கணும். டிபியா இருந்தா அதுக்குள்ள ஆறத் தொடங்கியிருக்கும். வலி குறைஞ்சதை மட்டும் நம்ப முடியாது, க்ரோன்ஸ் உள்ளவங்களுக்கும் அந்த மாத்திரையில கொஞ்ச நாள் தேவலைன்னு இருக்கும். தம்பியை யாரும் திரும்பக் கூப்பிடலை. நாங்களும் கேட்கலை, கேட்கணும்னே தெரியாது. ஆறு மாச டிபி மாத்திரையை ஒன்பது மாசமாக்கினாங்க. ஒரு ராத்திரி பச்சையா வாந்தி, குடல் அடைப்பு, ஆபரேஷன். ஒரு முழம் குடல் போச்சு. அறுத்தெடுத்த அந்தத் துண்டைச் சோதிச்சப்போதான் க்ரோன்ஸ்ங்கிற பேரே எங்க காதுல விழுந்தது. மொத்தம் மூணு வருஷம்.

வண்ணாரப்பேட்டையோ, திருவொற்றியூரோ, உங்க வீட்டுல இப்படி ஒரு பிள்ளை இருந்தா, டிபி மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. ஆனா ரெண்டாவது மாசம் "திரும்ப ஸ்கோப் எப்போ டாக்டர்?"னு வாய் திறந்து கேளுங்க. க்ரோன்ஸோட சேர்ந்து வரக்கூடிய வாய்ப்புண், மூட்டுவலி, கண் சிவக்கிறது, ஆசனவாய்ப் பக்கம் சீழ் வடியுறது எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. தனியாருக்குப் போக வசதி இல்லைன்னு தள்ளிப்போடாதீங்க, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே குடல் நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கு.

பவுத்திரத்தைப் பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன். "அதையும் எழுதுக்கா, நான் சொல்லாம மறைச்சது அதைத்தான்"னு தம்பிதான் சொன்னான்.