சருகு கொடுங்கள், மக்க வைக்கிறோம்

வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மண் என்று சொல்ல ஒரு கைப்பிடி கிடையாது. போன வருஷம் காய்கறித் தோல், டீத்தூள், மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து உரமாக்கப் பார்த்தேன். ஐந்தாம் நாளே தண்ணீர் விட்டு, நாற்றம் கீழ்வீடு வரைக்கும் போய்விட்டது. வீட்டுக்கார அம்மா மேலே ஏறி வந்து, "இதெல்லாம் வேணாம்மா" என்றார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அப்புறம்தான் காரணம் புரிந்தது. சமையல் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25, 30 பங்கு கார்பன் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டையும் கொடுப்பது சருகுதான். இப்போது ஓட்டை போட்ட மண்தொட்டியில் ஒரு கை கழிவு, மேலே இரண்டு கை காய்ந்த இலை, எப்போதாவது கொஞ்சம் புளித்த மோர். அள்ளிப் பிடித்தால் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று உதிர்கிறது. மழை பெய்த மண்ணின் வாசனை. வீட்டுக்கார அம்மாவே தன் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு டப்பா வாங்கிப் போனார்.

ஆனால் சருகுக்கு நான் எங்கே போவேன்? மரமில்லாத மாடி வீடு. இதே தெருவில் புங்கமரங்கள் இலையைக் கொட்டும்போது கூட்டிக் குவித்து யாரோ தீ வைத்துவிடுகிறார்கள். காலையில் குழந்தைகள் அந்தப் புகைக்குள்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். குப்பையைத் தெருவில் எரிக்கக் கூடாது என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது.

குப்பையை வளமாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த வேலூர் சீனிவாசன் வேலை செய்த ஊர் இது. வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை போட்ட கம்போஸ்ட் டப்பா வாடகை வீட்டுக்காரர்களுக்கு எதற்கு? குப்பை வாங்க வரும் மாநகராட்சி வண்டியிலேயே வாரம் ஒரு மூட்டை சருகு வரட்டும். தொட்டி வைக்கவும் இடமில்லாதவர்களுக்குத் தெருவுக்கு ஒரு பொதுத்தொட்டி கட்டட்டும். அதைக் கிளறிப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும், தூய்மைப் பணியாளர் தலையில் இதையும் ஏற்றக் கூடாது.

இந்த ஞாயிறு எங்கள் தெருச் சருகை நானே சாக்கில் அள்ளி வைக்கப் போகிறேன். சத்துவாச்சாரிப் பக்கம் இருப்பவர்கள் கேளுங்கள், பங்கு தருகிறேன்.