ஸ்டெப்னி இருக்கிறது, சக்கரம் கழன்றால்தானே!

டயர் மாற்றப் பத்து நிமிடம் போதும் என்று சொல்கிற எல்லோரையும் மும்பை செம்பூரில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு ஒருமுறை அழைக்கிறேன். ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாம் நானே எடுத்து வைக்கிறேன், காபியும் போட்டுத் தருகிறேன். முன்பக்க இடது சக்கரத்தை மட்டும் கழற்றிக் காட்டுங்கள், போதும்.

எங்களுடையது பழைய சின்னக் கார். இரும்பு ரிம், அதன் மேல் பிளாஸ்டிக் கேப். வாரம் முழுக்க நாங்கள் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போய் வருகிறோம், கார் கட்டிடத்துக்கு அடியில் ஸ்டில்ட் பார்க்கிங்கில் சும்மா நிற்கும். அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. ஆணி எதுவும் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தால், ரிம்மும் டயரும் சேருகிற விளிம்பில் பொடிப்பொடியாக நுரை கிளம்புகிறது. ரிம் விளிம்பில் துரு ஏறிவிட்டால் டயர் அங்கே ஒட்டி உட்காராது, காற்று கசியும். வெளியிலிருந்து ரப்பர் திரியைச் சொருகி முடிக்கிற கேஸ் இல்லை இது. சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றடித்தால் கால் மணி நேரம் தாங்கும். அதற்குள் செம்பூர் நாகா டிராஃபிக்கைத் தாண்டி டயர் கடைக்குப் போய்ச் சேர யாராலும் முடியாது. சரி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போகலாம் என்று டிக்கியைத் திறந்தேன்.

முதல் எரிச்சல் அந்த ஸ்பேனர். லட்சக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கார் விற்கிறார்கள், கூடவே ஒரு அடி நீளத்துக்கு வளைந்த கம்பி ஒன்றைக் கொடுத்து இதுதான் வீல் ஸ்பேனர் என்கிறார்கள். அதையும் குறை சொல்ல முடியாது என்பதுதான் கொடுமை. சின்னக் கார்களின் வீல் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். சுமார் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. நியூட்டன் மீட்டர் என்றால் திருகுகிற விசையின் அளவு. 100 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு அடிக் கம்பியின் நுனியில் 34 கிலோ எடையை வைத்து அழுத்தினால் அந்தக் கணக்கு சரியாக வந்துவிடும். அதாவது முறையாக இறுக்கிய நட்டை என்னைப் போன்ற ஆளே கையால் கழற்றலாம். அந்த நம்பிக்கையில்தான் கம்பெனிக்காரன் இந்தக் கம்பியைக் கொடுத்திருக்கிறான்.

ஆனால் டயர் கடைக்காரருக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? அவர் கையில் ஏர் கன் இருக்கிறது. 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், நட்டு முடிந்தது. கடைகளில் சாதாரணமாக இருக்கும் கன்களே 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். சத்தம் நின்ற பிறகும் கூடுதலாக ஒரு 'டர்ர்' வேறு, நமக்கு இலவசமாம். நான் ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றேன். 62 கிலோ. 180 நியூட்டன் மீட்டருக்கு மேல் போயிருக்கும். நட்டு அசையவில்லை. கம்பிதான் லேசாக வளைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கம்பி மேல் நின்று குதிக்கிற என்னை வாட்ச்மேன் பையா பார்த்துவிட்டு, "மேடம், சாப் கோ புலாவூம் க்யா?" என்றார், சாரைக் கூப்பிடவா என்று. சாப், அதாவது என் வீட்டுக்காரர், பக்கத்தில்தான் நிற்கிறார், மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு. அவர் எடை 58.

மொட்டை மாடியில் பிளம்பர் விட்டுப்போன மூன்றடி ஜிஐ பைப் ஒன்று கிடந்தது. அதை ஸ்பேனரில் சொருகி அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். நட்டு கழன்றதா, போல்ட் முறிந்ததா என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நட்டுதான், கடவுள் புண்ணியம். இந்த மாதிரி அளவுக்கு மீறி இறுக்குவதால் போல்ட் இழுபட்டு, மரை கெட்டு, ஒருநாள் அப்படியே முறியவும் முறியும். முறிந்தால் அதற்கும் நம்மிடமே பில் போடுவார்கள்.

இதெல்லாம் காரைத் தூக்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டியது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்கிவிட்டு, பிறகுதான் ஜாக்கி. பின்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் சொசைட்டியில் தரை முழுக்க பேவர் பிளாக். மும்பையில் எங்கே பார்த்தாலும் இந்தக் கர்மம்தான். ஒரு கல் உயரம், ஒரு கல் பள்ளம். ஜாக்கியை வைத்தால் ஒரு பக்கம் சாய்கிறது. அடியில் பழைய பலகை ஒன்றைப் போட்டு ஒருவழியாகத் தூக்கினேன். நட்டு எல்லாவற்றையும் கழற்றி வீல் கேப்பில் போட்டுவிட்டு, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

நட்டே இல்லை, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க ஒன்றுமே இல்லை, ஆனாலும் வரவில்லை. அந்த நேரத்தில் வருகிற கோபத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது, இந்தியில் கொஞ்சம் சொன்னேன். வாட்ச்மேன் பையா தள்ளிப் போய்விட்டார்.

ரிம்மின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்குமே, பல சின்னக் கார்களில் அதன் விட்டம் சுமார் 54 மில்லிமீட்டர். சக்கரத்தை மாட்டுகிற ஹப்பின் கழுத்து அதற்குள் கச்சிதமாகப் போய் உட்காரும். இடைவெளி என்று பார்த்தால் ஒரு காகிதம் நுழைகிற அளவுதான். இரண்டும் இரும்பு. துரு என்பது தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். காகித அளவு இடைவெளியில் அது வளர்ந்து வீங்கினால் என்ன ஆகும்? ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அலாய் வீல் போட்டவர்கள் சிரிக்க வேண்டாம். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளையாகப் பொடி கட்டி, அதுவும் இதே மாதிரி பிடித்துக்கொள்ளும். வாஷியில் இருக்கும் என் அத்திம்பேர் அலாய் போட்டுவிட்டுப் பெருமையடித்தவர்தான். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ஊரும் அப்படி. மூன்று பக்கமும் தண்ணீர், காற்றில் உப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. கடல் நாலரை மீட்டர் ஏறுகிற நாளில் பெருமழையும் சேர்ந்துகொண்டால் சாக்கடைத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் ரோட்டுக்கு வந்துவிடும், நாம் அதற்குள் ஹப் முழுக ஓட்டிக்கொண்டு போவோம். இது போதாதென்று தினமும் காலையில் கார் துடைக்கிற பையன் ஒரு பக்கெட் தண்ணீரைச் சக்கரத்தில் வீசிவிட்டுப் போகிறான். மேலே பளபளப்பு, உள்ளே துரு. மாதச் சம்பளம் கொடுத்து நாமே வளர்க்கிறோம்.

இந்த லட்சணத்தில் யோசனை சொல்ல வந்தவர்கள் தனி. மூன்றாம் மாடி மாமா கையில் பேப்பரோடு இறங்கி வந்தார்.

"ஏம்மா, ஓங்கி ஒரு உதை விடு, வந்துடும்."

"நீங்களே ஒண்ணு விடுங்களேன் மாமா."

"எனக்கு முட்டி வலிம்மா."

உதைக்கலாம், தப்பில்லை. ஆனால் எப்போது? காரைத் தாங்கி நிற்பது ஒற்றைக் கத்தரி ஜாக்கி, அது நிற்பது பேவர் பிளாக் மேல் போட்ட பலகை. அந்த நிலையில் உதைத்தால் ஜாக்கி சரியும், கார் இறங்கும், நட்டு இல்லாத சக்கரத்தோடு. அடியில் கை இருந்தால் கை போச்சு. வீடியோ போடுகிறவர்கள் காருக்குக் கீழே இரண்டு ஸ்டாண்டு வைத்துவிட்டு உதைக்கிறார்கள், ஸ்டாண்டைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. இன்னொருத்தர் சுத்தியலால் ரிம்மையே அடி என்றார். ரிம் நெளிந்தால் இன்னும் நன்றாகக் காற்று இறங்கும், ரொம்ப நன்றி. டயரின் உள்பக்கத்தில் மரக்கட்டையை வைத்துத் தட்டலாம், ஒரே இடத்தில் அடிக்காமல் மேலே கீழே மாற்றி மாற்றி. ஆனால் அதற்கும் ஸ்டாண்டு வேண்டும். செக்ரட்டரியின் மச்சான் புளோ டார்ச் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். காற்றடைத்த டயருக்குப் பக்கத்தில் நெருப்பு! கையெடுத்துக் கும்பிட்டேன்.

துருவை இளக்குகிற டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தேன். எல்லோரும் அடிக்கிறார்கள், நானும் அடித்தேன். ஹப்பும் ரிம்மும் சேருகிற வட்டத்தில் மட்டும் அடித்து அரை மணி நேரம் ஊற விட வேண்டும், பிரேக் டிஸ்க் மேல் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பட்டால் சக்கரம் கழன்றுவிடும், பிறகு கார்தான் நிற்காது.

கடைசியில் வேலைக்கு ஆனது சுத்தியலும் இல்லை, உதையும் இல்லை. நட்டுகளை மறுபடி மாட்டி, கையால் கடைசிவரை திருகி, பிறகு ஒவ்வொன்றையும் ஒரு சுற்று மட்டும் இளக்கிவிட்டேன். ஜாக்கியை இறக்கி, செங்கல்லை எடுத்துவிட்டு, டயரில் காற்றடித்தேன். வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். நாலடி முன்னால் போய் ஒரு பிரேக், நாலடி பின்னால் வந்து ஒரு பிரேக், அப்படியே ஸ்டீயரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரு திருப்பு. நாலடிக்கு மேல் போகக் கூடாது, ரோட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. காரின் எடை அந்தத் துருவின் மேல் பக்கவாட்டில் வந்து இறங்கும், நம் கையால் ஆகாததை அது செய்யும். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. "விடேன், நாளைக்கு ஆள் கூப்பிட்டுக்கலாம்" என்று அவர் கண்ணாடியை இறக்கிச் சொல்லி வாய் மூடவில்லை, 'படார்' என்றது. துப்பாக்கி வெடித்த மாதிரி. மூன்றாம் மாடி மாமா பேப்பரைக் கீழே போட்டுவிட்டார்.

மறுபடி ஜாக்கி போட்டு இழுத்ததும் சக்கரம் நல்ல பிள்ளையாகக் கையோடு வந்தது. ஹப்பைச் சுற்றி வளையம் வளையமாகத் துரு. விரலால் நெம்பினால் அப்பளத் துண்டு கனத்துக்கு ஏடு ஏடாக உரிகிறது.

அங்கேதான் எனக்கு நிஜமான ஆத்திரம் வந்தது. போன சர்வீஸ் பில்லில் 'வீல் ரொடேஷன்' என்று தனி வரி போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள். ரொடேஷன் என்றால் முன்சக்கரம் பின்னால் போக வேண்டும், பின்சக்கரம் முன்னால் வர வேண்டும். சில வருடங்களுக்கு முன் டிவைடரில் உரசிக் கிழிந்ததால் இந்த ஒரு டயர் மட்டும் வேறு பிராண்டு. சர்வீஸுக்குப் போகும்போதும் முன்பக்க இடதுதான், வந்தபோதும் முன்பக்க இடதுதான். ரிம் ஓட்டையிலும் ஹப்பிலும் ஒரே துரு ஏடு தொடர்ச்சியாக ஒட்டியிருக்கிறது. சக்கரத்தைத் தொடவே இல்லை! தொட்டிருந்தால், வயர் பிரஷ்ஷால் இரண்டு நிமிடம் தேய்த்திருந்தால், என் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்திருக்கும். போன் செய்து கேட்டேன். "செக் பண்ணிட்டுச் சொல்றோம் மேடம்" என்றார்கள். செக் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

2020-இல் விதியைத் திருத்தினார்கள். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் எல்லாம் இருந்தால் காரில் ஸ்டெப்னியே வைக்க வேண்டாம் என்று. கழற்ற முடியாத சக்கரத்துக்கு ஸ்டெப்னி எதற்கு என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் போல.

உங்களுக்காவது உதவட்டும் என்று சொல்கிறேன். ஹப்பின் முகத்தையும் கழுத்தையும் வயர் பிரஷ், உப்புத்தாள் போட்டுப் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்துவிட்டு, கழுத்தில் மட்டும் காப்பர் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். போல்ட் மரையில் தடவாதீர்கள். மரை வழுக்கினால் அதே அழுத்தத்துக்கு நட்டு கூடுதலாக இறுகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டிவிடுங்கள். குர்லா சிஎஸ்டி ரோடு பக்கம் போனால் நாலு முனை வைத்த கூட்டல் குறி ஸ்பேனர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னியோடு டயர் கடைக்குப் போனேன். ரிம் விளிம்பைத் தேய்த்து, மருந்து பூசி, டயரை ஏற்றிக் கொடுத்தார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு சக்கரத்தை மாட்டக் கையில் எடுத்தார் பாருங்கள், அதே ஏர் கன்னை. "பையா, ஹாத் ஸே கஸோ" என்றேன், கையால் இறுக்குங்கள் என்று. "மேடம், கன் ஸே பக்கா ஹோதா ஹை", கன்னில்தான் பக்காவாக இறுகும் என்று என்னைப் பார்த்து இரக்கப்பட்டுச் சிரித்தார். பக்கா! அளவு வைத்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் கடையில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பிளாஸ்டிக் டப்பாவில், உறை பிரிக்காமல், சாமி படத்துக்குக் கீழே. இறக்கித் துடைத்து, அதை வைத்து இறுக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் பக்கத்தில் செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். பார்க்கிங்கில் வாகனப் பழுது வேலை செய்யக்கூடாதாம், மீறினால் அபராதமாம். இன்னும் மூன்று சக்கரம் பாக்கி. வரும் ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில்தான் கழற்றப் போகிறேன். அபராதத்தை ரசீதோடு வாங்கிக்கொள்ளட்டும். அந்த பேவர் பிளாக் எல்லாவற்றையும் எப்போது சமன்படுத்தப் போகிறார் என்று அந்த ரசீதின் பின்னாலேயே எழுதிக் கேட்கிறேன்.