கஷாயமும் கிளினிக் கொப்பியும்

ஹோட்டல் விளம்பரங்களில் 'ஒருங்கிணைந்த மருத்துவம்', அதாவது இங்கிலிஷ் வைத்தியமும் நாட்டு வைத்தியமும் சேர்ந்தது, என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. எண்ணெய்க் குளியல், சிரோதாரை, மூலிகை நீராவி என்று டொலரில் விலை போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் இரண்டு வாரம் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போகிறார். போகட்டும், நாட்டுக்கு வருமானம். ஆனால் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸ் தோட்டக் குடியிருப்புகளிலும் இருக்கிற நம் சனத்துக்கு அந்த வைத்தியம் எப்படிக் கிடைக்கிறது என்று யாரும் பேசுவதில்லை.

சட்டத்தில் குறையில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, பாரம்பரிய நாட்டு வைத்தியம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறது. பொரளையில் அரசாங்க ஆயுர்வேதப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. கொழும்பு மாநகர சபையும் இலவச ஆயுர்வேத டிஸ்பென்சரிகளை நடத்துகிறது. இது சின்ன விஷயமில்லை, அங்கே வேலை செய்கிறவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. என் கேள்வி, அந்தக் கதவுக்கு வெளியே நடப்பதைப் பற்றியது.

கஷாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கை இடித்துப் போட்டு, எட்டுக் கப் தண்ணீர் ஒரு கப்பாக வற்றும்வரை மெல்லிய நெருப்பில் காய்ச்ச வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அடுப்பு எரியும். தொடர்மாடி வீட்டில் விறகுக்கு வழியில்லை, காஸ்தான். 2022இல் சிலிண்டருக்காக ராத்திரி முழுக்க ரோட்டில் வரிசையில் நின்ற ஊர் இது. இன்றைக்கும், இந்த சிலிண்டர் மாதக் கடைசிவரை வருமா என்று கணக்குப் பார்த்துச் சமைக்கிற வீடுகள் எத்தனையோ. விடிய முன் எழும்பி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற பெண் எந்த நேரத்தில் இதை வற்ற வைப்பாள்? இரண்டு நாள் காய்ச்சுவாள். அப்புறம் அந்தப் பொட்டலம் அலுமாரிக்கு மேலே கிடந்து பூச்சி பிடிக்கும். மருந்தை ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று ஏச்சும் அவளுக்குத்தான் விழும். டிஸ்பென்சரியிலேயே பெரிய பாத்திரத்தில் காய்ச்சி அன்றன்றைக்கு ஊற்றிக் கொடுத்தால் என்ன? முடியாத இடத்தில், வைத்தியருக்குச் சரியென்று பட்டால், சூரணமாகவோ குளிகையாகவோ கொடுக்கலாமே.

அடுத்தது பாஷை. நாட்டு வைத்தியத்தில் பாதி வைத்தியம் கேள்வி கேட்பதில்தான் நடக்கிறது. பசி எப்படி, நித்திரை எப்படி, வயிறு ஒழுங்காகப் போகிறதா, எரிவா குத்தா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் அம்மம்மாவின் சலக்கடுப்பைப் பள்ளிக்கூடம் போகிற பேரன் சிங்களத்தில் சொல்கிறான். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் எதைச் சொல்வார், எதை விழுங்குவார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், பிறகு திருகோணமலை வளாகத்திலும் தொடங்கினார்கள். தமிழில் நோயாளியோடு பேசக்கூடிய வைத்தியர்கள் நாட்டில் இருக்கிறார்கள். வட கொழும்புக்கு அவர்களில் சிலரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்பது சலுகை இல்லை. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை வேறு. நம் ஆட்கள் ஏற்கனவே இரண்டு வைத்தியத்தையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். காலையில் கிளினிக்கில் கொடுத்த சீனி வருத்த மாத்திரை, மெட்போமின். பகலில் பாகற்காய்ச் சாறு. இரவில் கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் மரக் கோப்பையில் ஊற்றி வைத்த தண்ணீர். புறக்கோட்டை கெப்போஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், சீனி வருத்தத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டு வருகிற சனத்தை. இதில் ஒரு வார்த்தைகூட கிளினிக் டொக்டரிடம் போவதில்லை. சொன்னால் ஏசுவார் என்ற பயம். மாத்திரை எடுப்பதை நாட்டு வைத்தியரிடமும் சொல்வதில்லை, அங்கேயும் அதே பயம்.

கொத்தல ஹிம்புட்டு வெறும் நம்பிக்கை இல்லை. அது சேர்ந்த மூலிகைத் தேநீரை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து இலங்கையில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2005இல் வெளியானது, இரத்தச் சீனி அளவு குறைந்ததாக அதில் கண்டார்கள். சீனியைக் குறைக்கிறது என்றால் டொக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்தானே? மாத்திரையோடு சேர்ந்து சீனி மட்டத்துக்குக் கீழே இறங்கினால் ஆள் மயங்கி விழலாம். அதிமதுரமும் அப்படித்தான். இருமலுக்கு நல்லது, ஆனால் தொடர்ந்து நிறையக் குடித்தால் பிரஷரை ஏற்றும். நாட்டு மருந்து ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்களும், நாட்டு மருந்தால் ஒரு கெடுதியும் வராது என்று சொல்கிறவர்களும் நோயாளியை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறார்கள்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். நெஞ்சு வலிக்கோ டெங்குக் காய்ச்சலுக்கோ கஷாயத்தோடு வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யார் சொன்னாலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு ஒரு நாட்டு மருந்துப் பாணி என்று கேகாலையில் ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்ததே, அவர்களை முட்டாள்கள் என்று திட்டியவர்கள் நிறையப் பேர். பயந்துபோயிருக்கிறவருக்கு நம்பிக் கேட்க ஓர் இடம் பக்கத்தில் இருந்திருந்தால் அத்தனை பேர் அங்கே போயிருப்பார்களா?

மாநகர சபையிடம் இங்கிலிஷ் மருந்து டிஸ்பென்சரியும் இருக்கிறது, ஆயுர்வேத டிஸ்பென்சரியும் இருக்கிறது. ஒரே சபை, ஒரே வரிப்பணம். கொட்டாஞ்சேனையில் ஓர் இடத்திலாவது கிழமையில் ஒரு நாள், வேலை விட்டு வருகிறவர்களுக்காக இரவு ஏழு மணிவரை, இரண்டு வைத்தியர்களையும் ஒன்றாக உட்கார வைக்கட்டும். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். கிளினிக் கொப்பியில் 'வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்' என்று மூன்று பாஷையிலும் ஒரு வரி அச்சடிக்கட்டும். அது வரும்வரை, உங்கள் வீட்டில் பெரியவர்கள் கிளினிக் போகும்போது அந்த கஷாயப் பொட்டலத்தையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். டொக்டர் ஏசினாலும் பரவாயில்லை, அவர் பார்க்கட்டும்.