செஸ் மூளை மட்டும் போதாது
செஸ்ஸில் பத்து நகர்வு முன்னால் யோசிப்பவர், சீட்டை வைத்துப் பந்தயம் கட்டும் போக்கரிலும் சுலபமாக ஜெயிப்பார் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. செஸ்ஸில் 32 காயும் கண் முன்னால் நிற்கும்; போக்கரில் எதிராளியின் சீட்டு கவிழ்ந்தே கிடக்கும். பாம்பனில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில்தான். அப்போது காசு இல்லாமல், புளியங்கொட்டை வைத்துப் போக்கர் ஆடுவோம். செஸ்ஸில் கெட்டிக்காரனான என் தம்பிதான் முதலில் கொட்டையெல்லாம் தொலைப்பான். கையில் வரும் சீட்டிலேயே பலமான ஏஸ் ஜோடி வைத்துத் தோற்றால், எங்கே தப்பு செய்தேன் என்று அன்று முழுக்கக் குடைவான். தப்பே இல்லை; பிறகு விரியும் பொதுச் சீட்டுகளால், அதைவிடச் சிறிய கிங் ஜோடியிடம்கூட அது ஏறத்தாழ 5 தடவைக்கு ஒரு தடவை தோற்கும். சரி, செஸ்ஸால் பயனே இல்லையா என்றால், உண்டு: இவன் ஏன் இப்போது இதைச் செய்தான் என்று எதிராளி பக்கமிருந்து பார்க்கும் பழக்கம். அதை வைத்துத்தான் தம்பி இப்போது நல்ல சீட்டு இல்லாமலே பெரிதாகப் பந்தயம் கட்டும் என் வெற்று மிரட்டலைக் கண்டுபிடித்துவிடுகிறான்.