ரேம் போதாததால்தான் ஒலி அறுபடுகிறதா?

'விண்டோஸ் 11க்கு மாறியபின் ரெக்கார்டிங்கில் ஒலி விட்டுவிட்டு வந்தால் ரேம் போதவில்லை என்று அர்த்தம், 32 ஜிபி போடுங்கள்' என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். பெரிய சாம்பிள் லைப்ரரிகளை (பதிவுசெய்த இசைக்கருவி ஒலித் தொகுப்புகளை) ஏற்றுபவருக்கு ரேம் முக்கியம்தான். ஆனால் நேற்றுவரை ஓடிய அதே நாலு டிராக் பாட்டு இன்று திக்கினால், மாறியது ரேம் இல்லையே!

கணக்கு இதுதான். ஒரு விநாடி ஒலியை 48,000 சாம்பிள்களாக, அதாவது சிறு அளவீடுகளாக, வெட்டுவதுதான் 48,000 ஹெர்ட்ஸ். அதில் பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் தயாரிக்கும் துண்டு, 256 சாம்பிள் என்றால், ஒவ்வொரு துண்டு ஒலியையும் தயாரிக்கக் கணினிக்குக் கிடைப்பது சுமார் 5.3 மில்லிசெகண்ட். அந்த நேரத்துக்குள் வைஃபை டிரைவரோ (அந்த வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கிராஃபிக்ஸ் டிரைவரோ பிராசசரைப் பிடித்து வைத்துக்கொண்டால் 'டப்' என்று அறுந்துவிடும். 64 ஜிபி போட்டாலும் அது அறும். என் மடிக்கணினியில் குற்றவாளி வைஃபைதான். அதை அணைத்ததும் சத்தம் சுத்தமாகிவிட்டது.

முதலில் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், எந்த டிரைவர் தாமதப்படுத்துகிறது என்று காட்டும். அப்புறம் ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஆசியோ டிரைவரை, அதாவது தாமதம் குறைந்த ஒலி டிரைவரை, தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள். ரெக்கார்டிங் மென்பொருளில் அதுதான் தேர்வாகி இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸின் மின்சார அமைப்பான பவர் பிளானையும் ஒருமுறை கவனியுங்கள்.

பஃபரை 1024க்கு ஏற்றினால் சுமார் 21 மில்லிசெகண்ட் அவகாசம் கிடைக்கும். மிக்ஸிங்குக்குச் சரி, ஆனால் ஹெட்போனில் உங்கள் குரலையே கேட்டுக்கொண்டு பாடும்போது அது தாமதமாக வந்து எரிச்சலாக இருக்கும்.