கந்தளாய்க் காட்டில் வரிப்புலி இல்லை

"கந்தளாய்க் காட்டுக்குள் வரிப்புலி இறங்கிவிட்டது, மாட்டுப்பட்டிக்குத் தனியாகப் போகாதீர்கள்" என்று ஒரு படத்தோடு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. திருகோணமலையில் எங்கள் குடும்பக் குழுவிலேயே மூன்று தடவை வந்துவிட்டது.

இலங்கைக் காடுகளில் வரிப்புலி கிடையாது. இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவில் அதன் புதைபடிவம் கிடைத்தது உண்மை. ஆனால் அது 16,000 ஆண்டுகளுக்கும் முந்தியது. இன்று இங்கே பார்க்க வேண்டுமென்றால் மிருகக்காட்சிசாலைதான்.

நம் காட்டில் இருக்கும் பெரிய பூனை சிறுத்தை மட்டுமே. இலங்கைக்கே உரிய துணையினம் அது, 1956இல் விவரிக்கப்பட்டது. பேச்சில் அதையும் நாம் 'புலி' என்கிறோம், பாதிக் குழப்பம் அங்கேதான். சரி, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வரிப்புலிக்கு விலாவில் மேலிருந்து கீழிறங்கும் கறுப்புக் கோடுகள். சிறுத்தைக்கோ உடைந்த வளையங்கள், பூவிதழ் அடுக்கியதுபோல. தலையிலும் காலிலும் அவை வெறும் புள்ளிகளாகிவிடும். ஆண் சிறுத்தை சராசரியாக 56 கிலோ. ஆண் வரிப்புலி 200 கிலோவையும் தாண்டும்.

வயல் சேற்றில் காலடி கண்டால் நக அடையாளம் தேடுங்கள். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். நக நுனி பதிந்திருந்தால் பெரும்பாலும் ஊர் நாய்தான்.

சிறுத்தை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. இப்படிப் பயம் கிளம்பினால் பொறி வைக்கவும் ஆள் இருக்கும். அதனால் அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகமென்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கேளுங்கள். அனுப்பியவர் சித்தப்பாவோ மாமாவோ என்றால், குழுவில் வைத்துத் திருத்தாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.